வாவியின் இரு கரைகள்

ஊர் பார்த்தல் என்பது நம்மவர்க்குப் புதிய பழக்கமன்று. தலயாத்திரை என்ற பெயரால் நம் முன்னோர் நெடுந்தூரம் நடந்து சென்று பல ஊர்களைக் கண்டனர். கதிர்காமத்தை நோக்கிக் கரையோரமாகவும் காட்டுவழியாகவும் நடந்த அடியார்கள் ஒவ்வோர் ஊரிலும் தங்கி, அவ்வூர் நீரைப் பருகி, அவ்வூர் மக்களோடு அளவளாவிச் சென்றனர். இன்று வாகனங்கள் விரைகின்றன; வழியும் குறுகிவிட்டது. ஆனால், பார்ப்பது பெருகியதா, குறைந்ததா என்பது சிந்தித்தற்குரியது.

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மட்டக்களப்பு நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எவ்வாறு பார்க்கவேண்டும் என்பதே. நீர்க்கரையிலே தோன்றிய நகரங்கள் உலகெங்கும் உள. மதுரைக்கு வைகை, காசிக்குக் கங்கை, சீன நாட்டின் பழம்பெருந் தலைநகராகிய நான்ஜிங்குக்கு யாங்சி ஆறு. இத்தகைய நகரங்களைக் காணப் புகுவோர்க்கு ஒரு விதி உண்டு. நகரை மட்டும் பார்த்தாற் போதாது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது, அக்கரையில் என்ன இருக்கிறது, அந்த நகருக்குச் சோறு எவ்வழியே வந்தது என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் பார்த்தவரே நகரைக் கண்டவராவர்.

மட்டக்களப்பு என்ற பெயரிலேயே நீர் இருக்கின்றது. களப்பு என்பது கடலோடு தொடர்புடைய, ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரையும் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கும் இவ்வாவி, நாட்டை இரண்டாகப் பகுக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல்நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. திசைக்குப் பெயரிட வானத்தைப் பார்த்த அந்த உழவரின் சொற்றிறனை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும்.

இக்காலத்திலே மட்டக்களப்பைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் ஒரு பகற்பொழுதில் வந்து போகின்றனர். கோட்டையின்முன் நின்று படம் எடுக்கின்றனர்; கல்லடிப் பாலத்தில் உலாவுகின்றனர்; கடற்கரையில் நீராடுகின்றனர்; ஒரு சட்டித் தயிரும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அவர்கள் கண்டது நன்றே. ஆயினும் அது பாதி. அந்தத் தயிர்ச்சட்டி எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதை அவர்கள் கேட்கவில்லை.

முதலில் அவர்கள் கண்ட பாதியையே சற்று நின்று நோக்குவோம்.

நகரின் நடுவிடம் புளியந்தீவு. பெயருக்கேற்ப அது தீவே; பாலங்களால் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றது. அதன் ஓரத்திலே கோட்டை நிற்கின்றது. 1602ஆம் ஆண்டிலே ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் இக்கரையில் வந்திறங்கி, இங்கிருந்தே கண்டி மன்னனைக் காணச் சென்றான். ஒல்லாந்தர்க்கு இலங்கையின் வாயிலாக அமைந்தது நம் கரையே என்பதை இதனால் அறிகின்றோம். அதன் பின்னர், 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று.

கோட்டையைப் பார்ப்போர் சுவரின் கனத்தை மட்டும் வியந்து நில்லாது, அது நிற்கும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். இரு பக்கங்களில் வாவிநீர் காவல். எஞ்சிய இரு பக்கங்களில் அகழி காவல். நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள். வாயிலிலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்துச் சின்னம் இன்றும் காணத்தக்கது. பீரங்கிகள் வாவியை நோக்கி இருக்கின்றன. கடலைக் காத்தற்குக் கடலோரத்தில் அன்றோ கோட்டை வேண்டும்? வாவியின் நடுவே ஏன் கட்டினர்? விடை எளிது. உள்நாட்டிற்குச் செல்லும் வழியும், அங்கிருந்து நெல்லும் பிறபொருளும் வரும் வழியும் இந்நீரே. வாவியைப் பிடித்தவன் நாட்டின் கதவைப் பிடித்தவன் ஆவான். எனவே, கோட்டைச் சுவரின்மேல் நிற்பவர் படுவான்கரையை நோக்கி நின்றாலன்றி அக்கோட்டையின் பொருள் விளங்காது. பிற்காலத்தில் நெடுநாள் கச்சேரி அதனுள் நடந்தமையால், நம் பாட்டனார் காலத்தவர்க்கு அது போர்க்களமாக அன்றிக் காணி உறுதிக்கும் வழக்கிற்கும் அலைந்த இடமாகவே நினைவில் நின்றது.

கோட்டையிலிருந்து சிறிது தூரத்திலே கல்விக்கூடங்கள் நிரையாக உள்ளன. 1814ஆம் ஆண்டிலே வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்தப் போதகர் இங்கு வந்தார். ஓராண்டு நிறையுமுன்னரே, 1815இல், அவர் நோயால் மறைந்தார். அத்துணைச் சிறிய காலத்தில் அவர் ஊன்றிய வித்தே இன்று மத்திய கல்லூரியாக நிற்கின்றது. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் அண்மையிலே உள்ளது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் பலர் அக்கல்லூரியிலே தம் வாழ்நாளைச் செலவிட்டனர். நகரின் பறங்கியக் குடும்பங்களுள் முதியோர் சிலர் இன்றும் போர்த்துக்கேயக் கலப்புமொழியொன்றைப் பேசுவர். தச்சும் கொல்லும் தையலும் அச்சமூகத்தார் போற்றிய தொழில்கள். நூல்களிலே நூற்றாண்டுகளாகப் படிப்பதனை ஒரு வீட்டுத் திண்ணையிலே காதாற் கேட்கலாம் என்றால், அதனினும் சிறந்த காட்சிச்சாலை வேறு யாது?

அடுத்துக் கல்லடிப் பாலம். 1924இல் அமைந்த இவ்விரும்புப் பாலத்திற்கு அந்நாள் தேசாதிபதி மானிங் என்பவரின் மனைவியார் பெயரே இடப்பட்டது. யப்பானிய உதவியோடு கட்டப்பெற்ற புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டபின், பழைய பாலம் நடந்து செல்வோர்க்கு உரியதாயிற்று. முதியவர் ஓய்வுபெற்று அமைதியாக அமர்ந்திருப்பதுபோல அஃது அங்கே நிற்கின்றது.

பாலத்தின் அக்கரை கல்லடி. 1892இல் காரைதீவிலே பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்த விபுலாநந்த அடிகளார் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் அங்கே உள்ளது. பண்டைத் தமிழரின் யாழ்களைக் கணக்கும் இசையுமாக ஆராய்ந்த அவரது யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆடித் திங்களிலேயே அடிகளார் மறைந்தார். அவரது சமாதியும் கல்லடியிலேயே உண்டு. அவ்வழியே செல்லும் ஆசிரியர் எவரும் ஒரு கணம் நின்று தலைவணங்காது போதல் தகாது.

பாலத்தோடு சேர்த்துச் சொல்லவேண்டியது பாடும் மீன். மீன்பாடும் தேன்நாடு என்று நம் நாட்டைப் பிறர் அழைப்பதற்குக் காரணமானது அது. 1848ஆம் ஆண்டிலே எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி நிலவிரவிலே தோணியேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டார். நனைத்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஓசைபோன்றது என்றும், தோணியின் மரத்திலே காதை வைத்தபோது அது மிகுந்து கேட்டது என்றும் அவர் எழுதினார். ஊரி என்னும் சிப்பிவகையே பாடுகிறது என்று செம்படவர் அவர்க்குக் கூறினர். மீனே பாடுகிறது என்பார் மற்றையோர். விபுலாநந்த அடிகளோ நீரரமகளிர் இசையென்று கவிதையாக்கினார். கேட்க விரும்புவோர்க்கு யான் சொல்வது இது. சித்திரை முதற் புரட்டாதி வரையும் உள்ள அமைதியான பூரணை இரவொன்றைத் தெரிந்துகொள்க. இயந்திரப் படகை விடுத்துத் துடுப்புத் தோணியிற் செல்க. துடுப்பின் ஒரு முனையை நீரிலிட்டு மறுமுனையைக் காதோடு சேர்க்க. எல்லாவற்றிற்கும் மேலாக, பேசாதிருக்க. பேசாதிருக்கக் கல்லாதவர்க்கு மீன் பாடாது.

வடக்கே செல்வோர் அமிர்தகழியிலே மாமாங்கேசுவரரைத் தொழலாம். ஆடி அமாவாசையிலே அத்தீர்த்தக் குளக்கரை மக்கள் வெள்ளமாகும். அதற்கப்பால் பாலமீன்மடுவில், வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே, 1913இல் எழுந்த வெளிச்சவீடு நிற்கின்றது. அங்கு நின்று தெற்கே நோக்கினால் நாவலடியும் டச்பார் மணற்கரையும் தெரியும். 2004 மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை வாரிச் சென்ற கரைகள் அவை. அங்கே செல்வோர் ஒலியடக்கிச் செல்லுதல் முறை. கடலை அழகென்று மட்டும் காணும் கண்ணுக்கு அக்கரை வேறொரு பாடத்தைக் கற்பிக்கும்.

நேயர்களே, இதுவரையும் கூறியது எழுவான்கரை. இனி நீரைக் கடப்போம்.

வாவியைக் கடத்தற்கு முன்னாளில் தோணியும் பாதையுமே துணை. பாதை என்று எங்கள் பகுதியார் சொல்வது தெருவையன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு துறைக்குத் துறை செல்லும் மிதவையையே அவ்வாறு சொல்வர். நீரின்மேற் செல்லும் ஒன்றுக்குப் பாதையென்றே பெயர் இட்டமை, நீரே எங்களுக்குத் தெருவாக இருந்தமையைக் காட்டும். மண்முனையிலே அத்தகைய பாதை நெடுங்காலம் ஓடிற்று. 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. இப்பொழுது ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைக்குச் சில நிமிடங்களிற் செல்லலாம்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயில் படுவான்கரையின் நெஞ்சு போன்றது. போர்த்துக்கேயர் அக்கோயிலை அழிக்க வந்தபோது, அங்கிருந்த கல்நந்தி எழுந்து புல்லுண்டது என்றும், அதனைக் கண்டு அவர்கள் அஞ்சி ஓடினர் என்றும் ஓர் ஐதிகம் உண்டு. வரலாற்றாசிரியன் அதனை அளவுகோலால் அளக்கட்டும். எனக்கோ, படைக்கலமில்லாத ஒரு மக்கட்கூட்டம் தன் மானத்தைக் கதையாலே காத்துக்கொண்டமை அதனுள் தெரிகின்றது.

இன்னும் தெற்கே களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் போரதீவுப் பற்று. பெரியபோரதீவைத் தாண்டினால் எங்கள் வெல்லாவெளி. அண்மையிலே வாவிக்கரையில் மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் அம்முருகன் கோயிலிலே, கதிர்காமத்தைப் போலவே, வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்யும் மரபு உள்ளது. ஆவணித் திருவிழாக் காலத்திலே குருமண்வெளித் துறையிலிருந்து நீரைக் கடந்து அடியார் வருங் காட்சியைப் பல தலைமுறையினர் கண்டுள்ளனர்.

மாரி வெள்ளம் வடிந்தபின், மாசியிலே இப்பக்கம் வருவீராயின், கண்ணுக்கெட்டிய தூரம் வட்டைகள் பொன்னிறமாக விரிந்து கிடக்கும். வட்டையின் நடுவே காவல் வாடிகள்; அப்பால் எருமைப் பட்டிகள்; அவற்றுக்கப்பால் குளக்கட்டு. நகரிலே வாங்கிய தயிர்ச்சட்டியின் ஊர் இதுவே. கோட்டையைக் கட்டியவர்க்குச் சோறு போட்டதும், கல்லூரிகளிலே படித்த பிள்ளைகளின் கட்டணத்தைக் கொடுத்ததும் பெரும்பாலும் இவ்வயல்களே. போடியாரின் நெல் தோணியேறி நகருக்குச் சென்றது. நகரின் துணியும் உப்பும் அதே தோணியிலே திரும்பி வந்தன. இவ்விரு கரையும் ஓர் ஊரின் இரு கைகள்.

அக்கைகள் பிரிந்திருந்த காலமும் உண்டு. 1990களிலே தொடங்கி 2007 வரையும் பெரும்பாலும் இவ்வாவியே இரு ஆட்சிகளின் எல்லைக்கோடாக இருந்தது. நீரைக் கடத்தல் என்பது சோதனைச் சாவடியையும் அச்சத்தையும் கடத்தல் ஆயிற்று. அக்காலத்திலே வளர்ந்த படுவான்கரைப் பிள்ளைக்கு நகரம் பார்க்கும் இடமன்று. பத்திரம் எடுக்கவோ, மருத்துவமனைக்கோ போய்த் திரும்பும் இடம். எழுவான்கரைப் பிள்ளைக்கும் எங்கள் கரை பேரளவிலேயே தெரியும். இன்று பாலங்கள் திறந்துள்ளன. ஆனால், கால் கடந்த அளவு மனம் கடந்ததா?

எங்கள் பாடசாலையில் ஒருநாள் மேல்வகுப்பு மாணாக்கரை நோக்கி, அநுராதபுரத்தைக் கண்டவர் யார், சீகிரியாவைக் கண்டவர் யார் என்று வினாவினேன். கல்விச் சுற்றுலாவின் பயனாகப் பல கைகள் உயர்ந்தன. மட்டக்களப்புக் கோட்டையினுள்ளே சென்றவர் யார் என்றேன். சில கைகளே உயர்ந்தன. உங்கள் பாட்டனார் எந்தத் துறையிலே தோணி கட்டினார் என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. பிள்ளைகள்மீது குற்றமில்லை. அயலிலே பார்க்கத்தக்கது ஒன்றுமில்லை என்பதை நாம் சொல்லாமற் சொல்லி வளர்த்துள்ளோம்.

அறியாமையால் வரும் கேட்டிற்கு ஒரு சான்று கூறுவேன். தொடக்கத்திலே நான்ஜிங் நகரைக் குறிப்பிட்டேன். அந்நகரிலே 1409ஆம் ஆண்டினதாக ஒரு கல் பொறிக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் அதிலே எழுத்து உண்டு. சீன மொழிப் பகுதி புத்தர்க்கும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கைத் தேவந்துறையிலிருந்த தேனவரை நாயனார்க்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. யாங்சிக் கரையிலே தமிழெழுத்து வெட்டப்பட்டுச் செங் ஹோ என்னும் கடற்றலைவனின் கப்பலேறி இலங்கைக்கு வந்தது. அத்தகைய கல் பின்னொரு காலத்தில் யாதாயிற்று? 1911இல் காலி நகரிலே ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோதுதான் அது கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளது. மூன்று மொழிகளில் மூன்று சமயத்தாரோடு பேசிய கல், படிப்பாரின்றி மிதிபடு கல்லாயிற்று.

படுவான்கரைக்கும் இத்தகைய கற்கள் உண்டு. குசலான மலை முதலிய குன்றுகளிலே ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பழமையுடைய பிராமி எழுத்துகள் உள்ளன. குகைகளைத் துறவியர்க்கு ஈந்தோர் தம் பெயரை அங்கே பொறித்து வைத்தனர். எங்கள் வெல்லாவெளிச் சுற்றாடலிலும் பழைய எழுத்துடைய பாறைகள் உள. அவற்றிலே பெயர் எழுதுவோரும், புதையல் ஆசையாற் பாறையை உடைப்போரும், கல்லுக்காக வெடிவைப்போரும் நாட்டின் பல பகுதிகளிலும் உளர். சட்டம் அவர்களைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் காவலர் ஒருவர் ஒரு குன்றைக் காப்பதைவிட, அக்குன்று தம்முடையது என்று அறிந்த நூறு பிள்ளைகள் அதனை நன்றாகக் காப்பர். அவ்வெழுத்து எம்மொழி, எச்சமயம் என்று வழக்காடுவதற்கு முன்னர், அது அழியாதிருத்தல் வேண்டுமன்றோ?

கல்லாவது நூறாண்டு கிடக்கும். துறைகளின் பெயரும், தோணிக்காரர் காற்றையறிந்த முறையும், சூடடிக்கும் களத்துப் பொலிப்பாட்டும் முதியோரின் நினைவிலே மட்டும் உள. பாலம் வந்தது நன்மையே. நோயாளியை இரவிலே கொண்டு செல்லும் எவரும் பழைய பாதையை விரும்பமாட்டார். ஆனால், பாலம் வந்த ஊரிலே துறை மறக்கப்படும். துறை மறக்கப்பட்டால் அதன் கதையும் மறக்கப்படும். ஆகையால் எங்கள் மாணாக்கர்க்கு ஒரு வேலை கொடுத்தோம். ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் அமர்ந்து, ஒரு துறையின் பெயரையும், அங்கே ஏற்றியிறக்கிய பொருள்களையும், ஒரு நிகழ்ச்சியையும் எழுதி வரவேண்டும். ஒரு சிறுமி எழுதி வந்த தாளிலே, நெல்மூடைகளோடு ஒரு மணப்பெண்ணும் அக்கரை சென்ற செய்தி இருந்தது. அம்மணப்பெண் அவளுடைய பாட்டியே. அன்றுமுதல் அச்சிறுமிக்கு அந்த வெறுங்கரை வெறுங்கரையாகத் தோன்றாது.

வெளியூரிலிருந்து வருவோர்க்கு என் வேண்டுகோள் இது. ஒரு நாளிலே திரும்பிவிடாதீர்கள். இரு நாட்களாவது தங்குங்கள். முதல்நாள் எழுவான்கரை, மறுநாள் படுவான்கரை. ஒரு கரையில் ஞாயிறு எழுவதையும் மறுகரையில் அது படுவதையும் காணுங்கள். கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் அவ்வவ்விடத்து முறையறிந்து நடவுங்கள். வாவிக்குள் ஒரு பொலித்தீன் பையையும் எறியாதீர்கள். அது மீனுக்கும், மீனை நம்பியவனுக்கும் செய்யும் தீங்கு. வழிகாட்டியாக ஊர் முதியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர்க்குக் கூலியும் மதிப்பும் கொடுங்கள்.

உள்ளூரார்க்கு என் வேண்டுகோள் இதனினும் பெரிது. நம் ஊரின் முதற் சுற்றுலாப் பயணிகள் நம் பிள்ளைகளாக இருத்தல் வேண்டும். கல்லடி ஆசிரியரே, உங்கள் மாணாக்கரை மண்டூருக்கும் வெல்லாவெளிக்கும் அழைத்து வாருங்கள். எங்கள் பிள்ளைகள் அவர்கட்கு வட்டையையும் குளக்கட்டையும் காட்டுவர். பின்னர் எங்கள் பிள்ளைகள் கல்லடிக்கு வருவர். உங்கள் பிள்ளைகள் அவர்கட்குக் கோட்டையையும் பாலத்தையும் காட்டட்டும். பஸ் கட்டணம் அதிகமன்று; ஒருவேளைச் சோற்றை இரு கரையாரும் பகிர்ந்துண்ணலாம்.

வாவி ஒருபோதும் கரைகளைப் பிரிப்பதற்கென்று கிடந்ததில்லை. தோணிக்காரனைக் கேளுங்கள், இரண்டு கரை இருந்தாற்றான் துறை உண்டு என்று சொல்வான்.